பெரிய மார்க்கெட்டை இடிப்பதற்கு முன்னால் பெயர்களை எழுதுங்கள்

புதுச்சேரி நகராட்சி ஆணையர் அவர்களுக்கும், உள்ளாட்சித் துறை அதிகாரிகளுக்கும், பெரிய மார்க்கெட்டைப் புதிதாகக் கட்டும் கோப்பில் கையெழுத்துப் போடப்போகிற எல்லோருக்கும்,

வணக்கம்.

நான் பெரிய மார்க்கெட்டில் வளர்ந்தவள். அரசுக் காகிதங்களில் அதற்குக் குபேர் அங்காடி என்று பெயர். 1963இல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரான எதுவார் குபேரின் பெயர் அது. ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் பெரிய மார்க்கெட்தான். நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே இருக்கிற அந்த மார்க்கெட்டில் என் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் வாழையிலை விற்றார். கடை எண் கிடையாது. ஷட்டர் கிடையாது. இரண்டு சாக்கு விரிக்கிற அளவு இடம், அவ்வளவுதான். அந்த இடத்துக்காக ஒவ்வொரு நாளும் அடிக்காசு கட்டினார்.

வெளியூரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்காக ஒரு வரி. கட்டடக் கடை இல்லாமல் தரையில் கூடை வைத்து விற்பவர்களிடம் அன்றாடம் வசூலிக்கிற கட்டணத்துக்கு எங்கள் ஊரில் அடிக்காசு என்று பெயர். கீரை, கறிவேப்பிலை, பூ, இலை, எலுமிச்சை, மீன் என்று மார்க்கெட்டின் பாதி உயிர் அந்த அடிக்காசுக்காரர்களிடம்தான் இருக்கிறது. நான் எழுத வந்திருப்பது அவர்களுக்காக.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மார்க்கெட்டைத் தொடவே கூடாது என்று கேட்கிற கடிதம் இல்லை இது. மழைக்காலத்தில் உள்ளே நடந்து பார்த்தவர்கள் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். மீன் பக்கத்துத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் கலந்து காலில் ஏறும். ஒழுகும் இடத்துக்குக் கீழே தார்ப்பாய், அது கிழிந்தால் அதற்கு மேல் இன்னொரு தார்ப்பாய். தலைக்கு மேலே வயர்கள் எங்கே ஆரம்பித்து எங்கே போகின்றன என்று கண்டுபிடிக்க முடியாது. சென்னை மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்து போனதை அம்மா பல தடவை சொல்லியிருக்கிறார். இலைக்கட்டுக்குப் பக்கத்தில் யாராவது பீடி பற்றவைத்தால் அவருக்கு அந்த நினைப்பு வந்துவிடும்.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நம் ஊரே பார்த்திருக்கிறது. கடற்கரையில் இருந்த மேரி கட்டடம், பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அப்புறம் அதே தோற்றத்தில் மறுபடியும் கட்டி 2021இல் திறந்தார்கள். இன்று அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் மேரிக்குள் தினமும் சாக்கு விரித்து உட்கார்ந்து யாரும் பிழைக்கவில்லை. அதைக் கட்டி முடிக்கும்வரை ஊர் பொறுத்துக்கொள்ள முடிந்தது. மார்க்கெட்டில் ஒரு வாரம் உட்கார இடமில்லை என்றால் ஒரு வாரம் அடுப்பு எரியாது.

காத்திருப்பதே ஒரு சேதம். 2017 ஜூனில் புதுச்சேரி ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் வந்ததிலிருந்து பெரிய மார்க்கெட்டை இடித்துக் கட்டும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லோரும் ஒரேயடியாகக் காலி செய்ய வேண்டும் என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். ஒரு பகுதியைக் கட்டி முடித்துவிட்டு அடுத்த பகுதிக்கு வாருங்கள் என்று வியாபாரிகள் சொன்னார்கள். போராட்டம், பேச்சுவார்த்தை, மறுபடியும் போராட்டம் என்று போனது. ஸ்மார்ட் சிட்டித் திட்டமே 2025 மார்ச் 31இல் முடிந்துவிட்டது.

இந்த வருடங்களில் மார்க்கெட்டுக்கு என்ன நடந்தது தெரியுமா? எப்படியும் இடிக்கத்தானே போகிறார்கள் என்று யாரும் எதையும் சரி செய்வதில்லை. கடைக்காரர் ஓடு மாற்ற மாட்டார், தரை பூச மாட்டார், புதிதாக ஒரு அலமாரி போட மாட்டார். மகனைக் கடையில் உட்கார வைக்கலாமா என்று யோசிப்பார். இடிக்கப்போகிற கடையை நம்பி எந்தப் பிள்ளை வருவான்? வாங்க வருகிறவர்களும் கால் வைக்கக் கூசி, வீட்டுக்குப் பக்கத்திலேயே வாங்கிக்கொள்ளப் பழகிவிடுகிறார்கள். கட்டடம் இடியும் முன்னாலேயே வியாபாரம் இடிந்துகொண்டு வருகிறது. அதனால்தான் சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாருங்கள் என்று நானும் கேட்கிறேன். ஆனால் எந்த வரிசையில் செய்யப்போகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் வேலை பெயர்ப்பட்டியல்.

கட்டடக் கடை வைத்திருப்பவரிடம் வாடகை ரசீது இருக்கிறது, உரிமம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது. நாளைக்கு யார் யாருக்குப் புதுக்கடை என்று கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு காகிதம் இருக்கிறது. அடிக்காசுக்காரரிடம் என்ன இருக்கிறது? அன்றன்றைக்குக் கிழித்துக் கொடுக்கிற துண்டுச் சீட்டு. அதையும் எல்லா நாளும் தர மாட்டார்கள். தந்தாலும் அதில் பெயர் இருக்காது. ஈரக் கையில் வாங்கி இடுப்பில் செருகினால் மத்தியானத்துக்குள் கரைந்து போகும். அம்மா கட்டிய ஆயிரக்கணக்கான நாள் அடிக்காசில் எங்கள் வீட்டில் மிச்சமிருப்பது ஏழு சீட்டு. அலுமினிய டப்பாவில் வைத்திருக்கிறேன். முப்பது வருட உழைப்புக்கு அந்த ஏழுதான் சாட்சி.

இதில் எனக்குப் பயம் வருவதற்குக் காரணம் என் சித்தப்பா. வேறு ஒரு ஊர், பெயர் வேண்டாம். அங்கே சந்தையில் எலுமிச்சையும் பச்சைமிளகாயும் விற்றுக்கொண்டிருந்தார். புதுக்கட்டடம் வரப்போகிறது என்று எல்லோரையும் தகரக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். பதினான்கு மாதம் என்றார்கள், நான்கு வருடம் ஆனது. தகரத்துக்குக் கீழே மிளகாய் பத்து மணிக்கே வாடிவிடும் என்பார். அதையும் பொறுத்துக்கொண்டார். கட்டடம் முடிந்ததும் கடைகளை ஏலம் விட்டார்கள். முன்பணம் கேட்டார்கள். தரைக்கடைக்காரர்களுக்கென்று ஒரு மூலை ஒதுக்கப்படும் என்று வாயால் சொன்னவர் மாற்றலாகிப் போயிருந்தார். வந்தவருக்கு எதுவும் தெரியவில்லை, எந்தக் கோப்பிலும் எதுவும் இல்லை. சித்தப்பா இப்போது தள்ளுவண்டியில் தெருத்தெருவாகப் போகிறார். அவருக்கு எழுபது வயது ஆகப்போகிறது. யாரும் அவரைத் துரத்தவில்லை. பட்டியலில் அவர் பெயர் இல்லை, அவ்வளவுதான் நடந்தது.

ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப்பிள்ளையின் வீடு இன்னும் இருக்கிறது. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த அந்த மனிதர் 1736 முதல் 1761 வரை தன் நாட்குறிப்பை எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு வந்தது, யார் யாருக்கு என்ன கொடுத்தார் என்று கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எழுதி வைத்தார். அவர் எழுதி வைத்ததால்தான் அந்தக் காலத்துப் புதுச்சேரி இன்று நமக்குத் தெரிகிறது. அவருடைய பெயர் கொண்ட வீதியை ஒட்டி உட்கார்ந்திருக்கிற அம்மாக்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதுவது நம்மால் முடியாத காரியமா?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. தெருவோர வியாபாரிகளுக்கான 2014ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்படி முதலில் கணக்கெடுப்பு முடிய வேண்டும், அதுவரை யாரையும் வெளியேற்றக் கூடாது. இடம் மாற்றுவதென்றால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அந்தச் சட்டப்படி அமைகிற நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் வழக்கமாகக் கூடி ஐம்பது வருடத்துக்கு மேல் நடக்கிற இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருப்பவர்களை இடம் மாற்றக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. மார்க்கெட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர் தெருவோர வியாபாரி ஆவாரா என்று யாராவது வாதம் எழுப்பலாம். ஆகலாம், ஆகாமலும் போகலாம். நீங்கள் அந்த வாதத்துக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வீதியில் உட்கார்ந்தால் கிடைக்கிற பாதுகாப்பு, நகராட்சிக்குக் காசு கட்டி மார்க்கெட்டுக்குள் உட்கார்ந்தால் கிடைக்காது என்று சொல்வது நியாயமாக இருக்காது.

இதை ஏன் திறந்த மடலாக எழுதுகிறேன் என்றும் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் இப்படி ஒரு குறை என்றால் வார்டு கவுன்சிலர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவார்கள். எங்களுக்கு அந்தத் திண்ணை இல்லை. புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 38 வருடம் கழித்து 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றத்தின் காலம் 2011இல் முடிந்த பிறகு மறுபடியும் தேர்தல் நடக்கவில்லை. 2021இல் தேதி அறிவித்தார்கள், வழக்கில் நின்றுபோனது. கவுன்சிலர் இல்லை, சேர்மன் இல்லை. என் அம்மாவைப் போன்ற ஒருத்திக்காக மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு வார்த்தை கேட்க ஆளே இல்லை. அதனால் ஆணையர் அவர்களே, அவர்களுடைய கவுன்சிலரும் நீங்களாகவே இருக்க வேண்டியிருக்கிறது. பெரிய பொறுப்புதான். ஆனால் வேறு யாரிடம் போவார்கள்?

அடுத்தது, புதுக்கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்பது. வரைபடம் போடுகிறவர்கள் ஒரு நாள், ஒரே ஒரு நாள், தை மாதத்து முகூர்த்த நாளுக்கு முந்தின விடியற்காலையில் மார்க்கெட்டில் வந்து நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அம்மா வில்லியனூரிலிருந்து முதல் வண்டி பிடித்து வந்துவிடுவார். இலைக்கட்டு வந்து இறங்கும். கட்டைப் பிரித்து நுனி இலையைத் தனியாக, ஏட்டைத் தனியாக அடுக்குவார். கிழிந்ததை ஒதுக்கி டிபன் கடைக்காரருக்கு வைப்பார். மேலே ஈரச்சாக்கு போட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார். வெயில் நேராகப் பட்டால் இலை ஒரு மணி நேரத்தில் சுருண்டுவிடும். காற்று ஓட வேண்டும், வெயில் இறங்கக் கூடாது, தண்ணீர் கைக்கெட்ட வேண்டும். அவர் வியாபாரத்துக்குத் தேவை இந்த மூன்றும்தான்.

வாங்க வருகிறவர் எப்படி வருகிறார் என்றும் பார்க்க வேண்டும். வளைகாப்போ, காதுகுத்தோ, கருமாதியோ, கையில் ஒரு சீட்டுடன் வருவார். தேங்காய், வெற்றிலை பாக்கு, பூ, மஞ்சள், நாட்டுமருந்துக் கடைச் சாமான், இலை. ஒரே சுற்றில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போவதற்குத்தான் பெரிய மார்க்கெட்டுக்கு வருகிறார். பூக்காரம்மாவிடம் இலை எங்கே என்று கேட்பார், அவர் அம்மாவைக் கைகாட்டுவார். அம்மா தேங்காய்க் கடையைக் கைகாட்டுவார். ஒருவருக்கு வந்த ஆள் ஐந்து பேருக்கு வாடிக்கையாகிறார். இதைப் பிரித்து இலையை இரண்டாவது மாடியிலும் பூவை அடித்தளத்திலும் வைத்தால் மார்க்கெட் போய்விடும், கட்டடம் மட்டும் நிற்கும். இருபது ரூபாய் இலைக்கு யாரும் மாடிப்படி ஏற மாட்டார்கள்.

நான் சும்மா சொல்லவில்லை. சென்னையில் பாண்டி பஜார் நடைபாதை வியாபாரிகளை 2013இல் மாடிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். நடைபாதையில் இருந்த வியாபாரம் மாடிக்கு ஏறி வரவில்லை என்று அவர்கள் வருத்தப்பட்டதைப் பத்திரிகைகளில் படித்தோம். திருச்சி காந்தி மார்க்கெட்டுக்காகக் கள்ளிக்குடியில் சுமார் 77 கோடி ரூபாயில் புது மார்க்கெட் கட்டி 2017இல் திறந்தார்கள். வியாபாரிகள் போகவில்லை. நம் ஊரிலேயே மொத்த மீன் வியாபாரத்தைக் கிழக்குக் கடற்கரைச் சாலை நவீன மீன் அங்காடிக்கு மாற்றப் பார்த்தபோது மீனவப் பெண்கள் எதிர்த்து வீதிக்கு வந்தார்கள். பிடிவாதம் என்று சிலர் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விடியலுக்கு முன்னால் ஏலத்தில் எடுத்து, அந்தக் கூடையோடு எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அந்தக் கணக்கை யாரும் அவர்களிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆக, தரைத்தளம் தரைக்கடைகளுக்கே இருக்கட்டும். துணிக்கடை, பாத்திரக்கடை மேலே போகலாம், புடவை எடுக்க வருகிறவர்கள் படி ஏறுவார்கள். கண்ணாடி, ஏசி எதுவும் வேண்டாம். மீன் பக்கத்துக்குத் தனிச் சாக்கடை, சரிவான தரை. விடியற்காலையில் சரக்கு இறக்க ஒரு வழி. அப்புறம் பெண்களுக்குக் கழிப்பறை. இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அம்மா விடியற்காலை நான்கு மணியிலிருந்து மத்தியானம் வீட்டுக்கு வரும்வரை தண்ணீர் குடிக்க மாட்டார். சந்தையில் உட்காருகிற பெண்களில் பலர், எந்த ஊராக இருந்தாலும், அப்படிப் பழகியவர்கள்தான். பிந்தைய நாட்களில் அவர் உடம்பு அதற்கான விலையைக் கொடுத்தது. சுத்தமான, பூட்டு போடாத, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிற கழிப்பறை. வரைபடத்தில் அதை முதலில் வரையுங்கள்.

கட்டும் காலத்தில் எங்கே உட்காருவது? 2020 ஊரடங்கில் மார்க்கெட்டின் காய்கறி வியாபாரத்தைப் புதிய பேருந்து நிலையத்துக்கு மாற்றினார்கள். அன்று நோய்ப் பயம் இருந்தது, எல்லோரும் போனார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சில மாதங்கள் சமாளித்ததை வைத்து மூன்று நான்கு வருடமும் சமாளிப்பார்கள் என்று கணக்குப் போடக் கூடாது. இலைக்காரரை இரண்டு கிலோமீட்டர் தள்ளி உட்கார வைத்தால், அவரிடம் வாங்குகிற ஓட்டல்காரர் ஒரு மாதத்துக்குள் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார். திரும்பி வரும்போது இடம் இருக்கும், வாடிக்கை இருக்காது. அதனால்தான் பகுதி பகுதியாகக் கட்டச் சொல்லி வியாபாரிகள் கேட்கிறார்கள். செலவு கூடும், நாளும் கூடும், ஒப்பந்தக்காரருக்குச் சிரமம். தெரியும். அந்தக் கூடுதல் செலவைத் திட்டத்தின் செலவாக நகராட்சி ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் அதை என் அம்மாவைப் போன்றவர்கள்தான் வயிற்றைக் கட்டி ஏற்பார்கள்.

நான் கேட்பதைச் செய்ய இடிக்கும் இயந்திரமோ கோடி ரூபாயோ தேவையில்லை. இரண்டு பேர், ஒரு நோட்டு, ஒரு கேமரா. ஒரு வாரம் மூன்று வேளையும் வந்து, யார் எங்கே எத்தனை வருடமாக உட்காருகிறார், என்ன விற்கிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்துக்காரர்களைச் சாட்சியாகக் கேளுங்கள். மார்க்கெட்டில் யார் உண்மையான ஆள் என்பது அவர்களுக்குத் தெரியும், பொய்யாக ஒருவர் நுழைய முடியாது. ஒவ்வொருவருக்கும் படம் ஒட்டிய அட்டை கொடுங்கள். பட்டியலை மார்க்கெட் வாசலில் தமிழில் ஒட்டுங்கள், விடுபட்டவர் வந்து சொல்ல நாள் கொடுங்கள். புதுக்கட்டடத்தில் அந்த அட்டைக்கு இவ்வளவு இடம், இன்ன கட்டணம், ஏலம் கிடையாது என்று ஆணையாக எழுதுங்கள். அதிகாரி மாறினாலும் ஆட்சி மாறினாலும் கோப்பில் அது இருக்க வேண்டும். அதற்குப் பிறகு இடிக்கலாம். இடிக்கிற அன்றைக்கு நானும் வந்து நிற்கிறேன்.

அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் இடத்தில் இப்போது அவரிடம் கட்டுப் பிரிக்கக் கற்றுக்கொண்ட ஒரு அக்கா உட்காருகிறார். மழை வந்தால் அம்மா இழுத்துக் கட்டிய அதே கொக்கியில்தான் அவரும் தார்ப்பாயைக் கட்டுகிறார். பெயர் எழுத ஆள் அனுப்பும்போது அவரை விட்டுவிடாதீர்கள். முகூர்த்த நாளில் பத்து மணிக்கெல்லாம் இலை தீர்ந்து கிளம்பிவிடுவார். அதற்கு முன்னால் வாருங்கள்.

இப்படிக்கு,
பெரிய மார்க்கெட் இலைக்காரரின் மகள்